இப்னு பதூதாவுக்கு வழி காட்டியவர்கள்

உலகம் சுற்றிய முஸ்லிம் பயணி என்றதும் நம் பிள்ளைகள்கூடச் சொல்லிவிடும் பெயர் இப்னு பதூதா. பள்ளிக்கூடத்து வரலாற்றுப் பாடத்தில் முஹம்மது பின் துக்ளக்கின் பெயர் வரும் இடத்தில் இவர் பெயரும் வரும். ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்தவர், காழியாக இருந்தவர், பல முறை ஹஜ் செய்தவர் என்ற அளவோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். ரயில் இல்லாத காலத்தில் இவ்வளவு தூரம் அவர் எப்படிப் போனார், யாரை நம்பிப் போனார் என்று கேட்டுப் பார்ப்பதில்லை.

அரபியில் வழிகாட்டியைத் தலீல் என்பார்கள். மத்ரஸாவில் ஒரு மார்க்கச் சட்டத்தைச் சொன்னால் உஸ்தாத் உடனே தலீல் என்ன என்று கேட்பார். ஆதாரம் எங்கே என்பது அதன் பொருள். வாதத்தில் நம்மைக் கைபிடித்து உண்மைக்கு அழைத்துப் போவதும் தலீல். மணல்வெளியில் நம்மைத் தண்ணீருக்கு அழைத்துப் போகும் மனிதரும் தலீல். முதலாவதில் தேர்ந்த ஆலிமான இப்னு பதூதா, இரண்டாவதற்கு வாழ்நாள் முழுதும் எளிய மனிதர்களையே சார்ந்திருந்தார். அந்தக் கோணத்திலிருந்து அவருடைய வாழ்க்கையைப் பார்ப்போம்.

தனியாகப் புறப்பட்ட இளைஞர்

ஷம்சுத்தீன் அபூ அப்துல்லாஹ் முஹம்மது என்பது அவருடைய பெயர். ஹிஜ்ரி 703, அதாவது கி.பி. 1304-ல் மொரோக்கோவின் தஞ்சா (டேன்ஜியர்) நகரில் பிறந்தார். காழிகள் பலரைத் தந்த குடும்பம். மாலிகி மத்ஹபைச் சேர்ந்தவர்கள். 1325-ல், 21 வயதில், ஹஜ்ஜுக்காக வீட்டை விட்டுப் புறப்பட்டார். பெற்றோர் இருவரும் அப்போது உயிரோடு இருந்தார்கள். துணைக்கு ஆளில்லை, சேர்ந்து போக ஒரு கூட்டமும் இல்லை.

வழியில் கடும் காய்ச்சல் வந்தது. கீழே விழுந்துவிடாமல் இருக்கத் தலைப்பாகைத் துணியால் தன்னைச் சேணத்தோடு கட்டிக்கொண்டு பயணம் செய்தார். தூனிஸ் நகருக்குள் நுழைந்தபோது, உடன் வந்தவர்களை வரவேற்க ஆளுக்கு ஆள் வந்து கட்டித் தழுவினார்கள். இவருக்கு ஸலாம் சொல்ல ஒருவரும் இல்லை. அந்தத் தனிமை தாங்காமல் அழுதுவிட்டார். அதைக் கவனித்த ஹாஜி ஒருவர் அருகில் வந்து ஸலாம் சொல்லி, நகருக்குள் போய்ச் சேரும்வரை பேச்சுத் துணையாக இருந்தார். தூனிஸிலிருந்து புறப்பட்ட ஹஜ் கூட்டத்துக்கு இவரையே காழியாக்கினார்கள். முதன்முதலாக ஊரை விட்டு வெளிநாடு போன நம் சபுராளிகள் பலருக்கு இந்தத் தூனிஸ் காட்சி நன்றாகவே புரியும்.

ஹிஜாஸ் பாலை

1326-ல் டமாஸ்கஸிலிருந்து கிளம்பிய ஹஜ் கூட்டத்தோடு தபூக் வழியாக மதீனா நோக்கிப் போனார். தபூக்கில் நான்கு நாள் தங்கல். ஒட்டகங்களுக்கு வயிறு நிரம்பத் தண்ணீர் காட்டுவதற்கும், தோல் பைகளை நிரப்புவதற்கும் அந்த நாட்கள். தண்ணீர் சுமப்பவர்கள் ஊற்றைச் சுற்றியே கூடாரம் அடித்திருந்தார்கள். எருமைத் தோலால் பெரிய தொட்டிகள் தைத்து வைத்திருந்தார்கள். அவற்றில்தான் ஒட்டகங்கள் குடிக்கும்.

தபூக்கை விட்டதும் இரவும் பகலும் நிற்காத ஓட்டம். காரணம், நடுவில் இருந்த உகைளிர் பள்ளத்தாக்கு. ஒரு வருடம் அங்கே அனல் காற்று வீசித் தண்ணீர் முழுவதும் வற்றிப்போனது. ஒரு மிடறு தண்ணீர் ஆயிரம் தீனாருக்கு விலை போனது. வாங்கியவரும் மடிந்தார், விற்றவரும் மடிந்தார். அந்தச் செய்தியைப் பாறையில் செதுக்கி வைத்திருந்ததாக அவர் பதிவு செய்கிறார்.

அடுத்து ஸமூது கூட்டத்தார் வாழ்ந்த ஹிஜ்ர். தபூக் பயணத்தின்போது நபி (ஸல்) அவர்கள் அந்த இடத்தில் நடந்துகொண்ட முறையைப் பின்பற்றி, எவ்வளவு தாகம் இருந்தாலும் ஹாஜிகள் அந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்காமல் கடந்தார்கள். அதற்கடுத்த உலா ஊரில் பேரீச்சந்தோப்பும் ஊற்றுநீரும் உண்டு. ஹாஜிகள் தங்கள் கூடுதல் உணவுப் பொருட்களை அந்த ஊராரிடம் ஒப்படைத்துவிட்டு, தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு மதீனா போவார்கள். அந்த மக்கள் அமானிதம் பேணுபவர்கள் என்று பெயர் பெற்றிருந்தார்கள். சிரியாவின் கிறிஸ்தவ வணிகர்களும் அந்த ஊர்வரை வந்து ஹாஜிகளோடு வியாபாரம் செய்தார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் வழிகாட்டி வைத்துக்கொண்டு குளிரூட்டப்பட்ட வண்டியில் பார்க்கும் மதாயின் ஸாலிஹும் அல்உலாவும் இவைதான்.

கூலிக்கு வந்தவன் செய்த வஞ்சகம்

வழிகாட்டிகள் எல்லோரும் நல்லவர்களாக அமைந்துவிடவில்லை. ஓமன் கரையில் ஸூர் துறைமுகத்தில் கப்பல் நின்றபோது, கல்ஹாத் நகரம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்தது. நடந்தே போய்விடலாம் என்று நினைத்து, கப்பல் ஆட்களில் ஒருவனை வழிகாட்டியாகக் கூலிக்குப் பிடித்தார். துணைக்கு வந்தவர் கிள்ர் என்ற இந்தியர். மாற்றுத் துணிகளை வழிகாட்டியிடம் கொடுத்துவிட்டு, இப்னு பதூதா கையில் ஈட்டி ஒன்றை வைத்துக்கொண்டார்.

கடல் உள்வாங்கிய ஓர் இடத்துக்கு வந்ததும், துணிகளோடு தான் முதலில் கடப்பதாக அவன் சொன்னான். துணியை வைத்துவிட்டுப் போகும்படி இவர் சொல்லிவிட்டார். பிறகுதான் தெரிந்தது, நீந்திக் கடக்க வேண்டிய ஆழம் அது. தங்களை மூழ்கவிட்டு மூட்டையோடு ஓட நினைத்திருக்கிறான் என்று புரிந்ததும் ஈட்டியை ஓங்கிக் காட்டினார், அவன் அடங்கினான். அதன்பின் தண்ணீர் இல்லாத வெளி. தாகத்தில் துவண்ட நேரத்தில் குதிரையில் வந்த ஒருவர் தண்ணீர் கொடுத்தார். மாலையில், பாதையே இல்லாத பாறைக் கரைப் பக்கம் அழைத்துப் போக மறுபடி முயன்றான். இவர் பாதையை விட்டு நகர மறுத்தார்.

இரவு வந்தது. கிள்ர் களைத்து உறங்கிவிட்டார். துணிகளைத் தன் ஆடைக்குள் வைத்து, ஈட்டியைக் கையில் பிடித்து, இவர் விடிய விடிய விழித்திருந்தார். வழிகாட்டி அசையும்போதெல்லாம் தான் தூங்கவில்லை என்பது தெரியும்படி அவனிடம் ஏதாவது பேசினார். மறுநாள் கல்ஹாத் வாசலை அடைந்தபோது, நகங்களுக்கு அடியில் இரத்தம் வரும் அளவுக்குக் கால் வீங்கியிருந்தது. நகரத்தின் ஆளுநர் ஆறு நாட்கள் வைத்துப் பராமரித்தார். அத்தனை நாளும் எழுந்து நடக்க முடியவில்லை.

நம் கரையில்

1333-ல் சிந்து நதியை அடைந்தார். முஹம்மது பின் துக்ளக் அவரை டெல்லியின் காழியாக்கினார். பெரும் சம்பளம், அதே அளவு பயம். 1342-ல் சீனத்துக்குத் தூதராகப் புறப்பட்டவர், கோழிக்கோட்டில் வீசிய புயலில் கப்பல்களையும் சுல்தானின் அன்பளிப்புகளையும் இழந்தார். டெல்லிக்குத் திரும்ப அஞ்சி மாலத்தீவு போனார்; அங்கும் காழி ஆனார். 1344-ல் இலங்கைக்கு வந்தார்.

புத்தளத்தில் தமிழ் மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி அவரை விருந்தினராக ஏற்றார். ஆதம் மலையைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையை இவர் சொன்னதும், பல்லக்கும் அதைச் சுமக்க ஆட்களும் கொடுத்தார். வருடந்தோறும் அந்த மலைக்குப் போய்வரும் நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், தம் ஆட்களில் பத்துப் பேர், உணவு சுமக்கப் பதினைந்து பேர் என்று பெரிய வழித்துணையையே அனுப்பி வைத்தார். ஒரு முஸ்லிம் காழிக்கு யோகிகளும் பிராமணர்களும் மலைப்பாதை காட்டினார்கள். இதை அவர் நன்றியோடு எழுதி வைத்திருக்கிறார்.

இலங்கையிலிருந்து கிளம்பிய கப்பல் தமிழகக் கரைக்கு அருகே தரை தட்டியது. உடனிருந்தவர்களை முதலில் கரைக்கு அனுப்பிவிட்டு, இரவெல்லாம் கப்பலின் பின்பகுதியில் உட்கார்ந்திருந்தார். காலையில் அந்தக் கரையின் முஸ்லிமல்லாத மக்கள் படகில் வந்து காப்பாற்றினார்கள். மீனும் பழமும் கொடுத்தார்கள். பஞ்சு போன்ற நார், அதற்குள் தேன் போன்ற சாறு என்று அவர் வருணிக்கும் அந்தப் பழம் நம் பனம்பழமாகத்தான் இருக்க வேண்டும்.

மதுரைச் சுல்தான் கியாஸுத்தீன் தாம்கானி அப்போது ஹர்காத்து என்ற இடத்தில் பாளையம் இறங்கியிருந்தார். அதை நம் ஆற்காடு என்று வாசித்தவர்களும் உண்டு. ஆனால் கப்பல் தட்டிய கரையிலிருந்து இரண்டு நாள் பயணத்தூரம் என்று அவரே எழுதுவதால், மதுரைப் பக்கத்து இடமாகக் கொள்வதே பொருத்தம். இந்தச் சுல்தான் அவருக்கு உறவினர். இருவரும் மதுரை சுல்தானகத்தை நிறுவிய ஜலாலுத்தீன் அஹ்ஸனின் மகள்களை மணந்தவர்கள். ஆனாலும் போரில் பிடிபட்ட இந்துக்களைச் சுல்தான் கழுவேற்றியதையும், அவர்களின் பெண்களையும் பிள்ளைகளையும் கொன்றதையும் அவர் மறைக்கவில்லை. மிகக் கேவலமான செயல் என்று கண்டித்து, அதனால்தான் அல்லாஹ் அவருடைய முடிவை விரைவுபடுத்தினான் என்றும் எழுதினார். உறவினர் என்பதாலோ, முஸ்லிம் அரசர் என்பதாலோ அநீதியை அவர் நீதி என்று சொல்லவில்லை. காழிக்கு அழகு அதுதான்.

மதுரையில் கொள்ளைநோய் பரவியிருந்தது. இவரும் காய்ச்சலில் விழுந்தார். ஊரில் தாராளமாகக் கிடைத்த புளியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துக் குணமானதாகச் சொல்கிறார். நம் வீட்டு அடுப்படியில் இருக்கும் புளிதான்.

வீட்டில் காத்திருந்தவர்கள்

பிறகு வங்காளம், சுமத்ரா, சீனம் என்று பயணம் நீண்டது. சீனப் பகுதி முழுவதையும் அவரே நேரில் பார்த்தாரா என்று ஐயுறும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். 1348-ல் டமாஸ்கஸுக்குத் திரும்பினார். கருவுற்றிருந்த மனைவியை விட்டுவிட்டு அவர் கிளம்பிய ஊர் அது. மகன் பிறந்த செய்தி இந்தியாவில் இருந்தபோதே வந்திருந்தது, பணமும் அனுப்பியிருந்தார். பள்ளிவாசலில் விசாரித்தபோது, அந்தப் பிள்ளை வஃபாத்தாகிப் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது என்றார்கள். சொந்த ஊரிலிருந்து வந்திருந்த ஒருவர், அவருடைய தந்தை காலமாகிப் பதினைந்து வருடம் ஆனதையும், தாய் உயிரோடு இருப்பதையும் சொன்னார்.

ஆனாலும் உடனே தாயைப் பார்க்க அவர் ஓடவில்லை. மீண்டும் ஹஜ் செய்து, எகிப்து வழியாக மெல்லத் திரும்பி, 1349-ன் கடைசியில் மொரோக்கோ எல்லைக்கு வந்தார். தாஸா என்ற ஊரில், தாய் கொள்ளைநோயில் இறந்துவிட்டார் என்ற செய்தி காத்திருந்தது. தஞ்சாவில் அவரால் செய்ய முடிந்தது தாயின் கப்ரை ஸியாரத் செய்வது மட்டுமே. அவருடைய நூலில் இது ஓரிரு வரிகளில் கடந்துபோகிறது. பிள்ளையைப் பார்க்காத தகப்பன்மாரும், ஜனாஸாவுக்கு வர முடியாத மகன்மாரும் உள்ள நம் சபுராளிக் குடும்பங்களில் அந்த ஓரிரு வரியை வேகமாக வாசித்துக் கடக்க முடியாது.

ஸஹாரா

1352 பிப்ரவரியில், 47 வயதில், ஸிஜில்மாஸாவிலிருந்து வணிகக் கூட்டத்தோடு ஸஹாராவுக்குள் இறங்கினார். 25 நாளில் தகாஸா. அந்த ஊரில் வீடும் பள்ளிவாசலும் உப்புப் பாறைகளால் கட்டியவை. கூரை ஒட்டகத் தோல். மரம் கிடையாது, தண்ணீர் உவர்ப்பு, எங்கும் ஈ. மஸூஃபா இனத்தாரின் அடிமைகள் உப்பை வெட்டி எடுத்தார்கள். பேரீச்சம்பழமும் தானியமும் வெளியிலிருந்து வந்தால்தான் அவர்களுக்குச் சோறு. அந்த உப்பின் ஒரு சுமை வலாத்தாவில் 8 முதல் 10 மிஸ்கால் பொன்னுக்கும், மாலி தலைநகரில் 20 முதல் 30 மிஸ்காலுக்கும் விலை போனது.

தகாஸாவுக்குப் பின் பத்து நாள் தண்ணீர் இல்லாத வெளி. அந்த வருடம் மழை பெய்திருந்ததால் பாறை இடுக்குகளில் நீர் தேங்கியிருந்தது. அந்தத் தெம்பில் இவரும் வேறு சிலரும் ஒட்டகங்களை மேயவிட்டபடி கூட்டத்துக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். அப்போது இப்னு ஸீரி என்பவர் தன் மாமன் மகனோடு சண்டையிட்டு, கோபத்தில் பின்தங்கினார். கூட்டம் இறங்கியபோது அவரைக் காணவில்லை. மஸூஃபா ஆள் ஒருவரைக் கூலிக்கு அமர்த்தித் தேடச் சொல்லுங்கள் என்று மாமன் மகனிடம் இவர் சொன்னார், அவர் கேட்கவில்லை. மறுநாள் மஸூஃபாக்காரர் ஒருவர் கூலி வாங்காமலே தேடிப் போனார். காலடித் தடம் சில இடங்களில் பாதையில் இருந்தது, சில இடங்களில் விலகிப் போனது. ஆள் கிடைக்கவில்லை. வழியில் எதிர்ப்பட்ட இன்னொரு கூட்டமும் ஆட்களைத் தொலைத்திருந்தது. அவர்களில் ஒருவர் சிறு மரத்தடியில், உடுத்திய உடையோடும் கையில் சாட்டையோடும் இறந்து கிடந்தார். தண்ணீர் ஒரு மைல் தூரத்தில்தான் இருந்தது. இப்னு ஸீரி தொலைந்த நாளுக்குப் பிறகு இப்னு பதூதா கூட்டத்துக்கு முன்னாலும் போகவில்லை, பின்னாலும் தங்கவில்லை.

தாஸரஹ்லா என்ற நீர்நிலையில் மூன்று நாள் ஓய்வு. அங்கிருந்துதான் தக்ஷீஃப் என்ற முன்னோடி புறப்படுவார். மஸூஃபா இனத்தவரான அவர் தனி ஆளாகப் பாலையைக் கடந்து வலாத்தா போவார். கூட்டத்தாரின் கடிதங்களை அவரவர் நண்பர்களிடம் சேர்ப்பார். அவர்கள் வீடு பிடித்து வைப்பார்கள். நான்கு இரவுப் பயணத்தூரம் எதிர்கொண்டு தண்ணீர் சுமந்து வருவார்கள். முன்னோடி வழியில் இறந்துவிட்டால் வலாத்தாவில் யாருக்கும் செய்தி தெரியாது. கூட்டத்தில் பெரும்பாலோர் அழிந்துபோவார்கள். அந்த ஒரு மனிதருக்கு அவர்கள் பேசிய கூலி 100 மிஸ்கால் தங்கம். இன்றைய எடையில் 50 பவுனுக்கு மேல். உயிரைப் பணயம் வைப்பவரிடம் யாரும் கூலியில் கஞ்சத்தனம் காட்டவில்லை.

கூட்டத்தோடு கூடவே வந்த வழிகாட்டி வேறொருவர். அந்த வெளியில் பாதை என்று ஒன்று கிடையாது. காற்று மணலை வாரி, இன்று இங்கே இருக்கும் குன்றை நாளை வேறிடத்தில் வைக்கும். திரும்பத் திரும்பப் போய் வந்த பழக்கமும் கூர்மையான உள்ளமும் உள்ளவரே அங்கே வழிகாட்ட முடியும். இவர்களுக்கு வாய்த்தவருக்கு ஒரு கண் இல்லை. மற்றக் கண்ணிலும் நோய். ஆனால் அந்த வழியை அவரைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. பல நாட்டு அரசவைகளில் மரியாதை பெற்ற காழி, பார்வை மங்கிய அந்த மனிதருக்குப் பின்னால் நடந்தார். ஏழாம் நாள் இரவு, தொலைவில் நெருப்புகள் தெரிந்தன. தண்ணீரோடு எதிர்கொண்டு வந்தவர்களின் நெருப்பு அது.

இதில் நமக்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. ஹிஜ்ரத்தின்போது நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் வழிகாட்டியாகக் கூலிக்கு அமர்த்திய அப்துல்லாஹ் பின் உரைகித், அப்போது இஸ்லாத்தில் இல்லாதவர். தொழிலில் தேர்ந்தவர், நம்பத் தகுந்தவர் என்ற இரண்டையும் பார்த்தே இரு ஒட்டகங்களை அவரிடம் ஒப்படைத்தார்கள். சொன்ன சொல் மாறாமல் மூன்று இரவுகள் கழித்து ஸவ்ர் குகைக்கு அவர் வந்தார்.

மரத்துக்குள் ஒரு தறி

வலாத்தாவிலிருந்து மாலி தலைநகருக்குப் போகும் வழி பாதுகாப்பானது. கூட்டம் தேவைப்படவில்லை. மஸூஃபா வழிகாட்டி ஒருவரை மட்டும் அமர்த்திக்கொண்டு மூன்று தோழர்களோடு போனார். வழியெங்கும் பெரிய பெரிய மரங்கள். ஒன்றின் நிழலில் ஒரு கூட்டமே தங்கலாம். பொந்து விழுந்த ஒரு மரத்துக்குள் எட்டிப் பார்த்தவர் திகைத்துவிட்டார். உள்ளே ஒரு நெசவாளர் தறி போட்டு நெய்துகொண்டிருந்தார். ஆரணி, தேவிகாபுரம் பக்கம் வீட்டுக்கு வீடு தறிச் சத்தத்தில் வளரும் நமக்கு அந்தக் காட்சி புன்னகையைத் தரும். தறி போட இடமில்லை என்று கவலைப்படாத மனிதர் அவர்.

நைஜர் ஆற்றங்கரையில் இன்னொரு நிகழ்ச்சி. இயற்கைத் தேவைக்காக ஆற்றோரம் ஒதுங்கினார். உள்ளூர்க்காரர் ஒருவர் வந்து இவருக்கும் ஆற்றுக்கும் நடுவில் நின்றுகொண்டார். என்ன மரியாதையற்ற ஆள் என்று இவருக்கு எரிச்சல். பிறகு இன்னொருவரிடம் சொன்னபோதுதான் விவரம் தெரிந்தது. ஆற்றில் முதலை உண்டு. அது இவரைத் தாக்கிவிடக் கூடாது என்று அந்த மனிதர் தன் உடலைக் குறுக்கே நிறுத்தியிருந்தார்.

மன்ஸா மூஸாவின் சகோதரர் மன்ஸா சுலைமான் அப்போது மாலியை ஆண்டார். அந்த மக்களிடம் இவருக்குப் பிடிக்காத வழக்கங்கள் இருந்தன; அவற்றை வெளிப்படையாகக் கண்டித்தார். அதே பேனாவால் அவர்களின் நீதியையும், வழிப்பயமின்மையையும், ஊரில் இறந்துபோகும் அந்நியரின் சொத்தில் கை வைக்காத நேர்மையையும், தொழுகைப் பேணுதலையும், ஜும்ஆவுக்கு வெள்ளை உடை உடுத்தும் வழக்கத்தையும், குர்ஆன் மனனத்தில் காட்டிய அக்கறையையும் புகழ்ந்தார்.

திரும்பும் வழியில் தகத்தா ஊரில் மொரோக்கோ சுல்தானின் ஆணை வந்தது. 1353 செப்டம்பரில் புறப்பட்ட கூட்டத்தில் 600 அடிமைப் பெண்கள் இருந்தார்கள். அதைச் செய்தியாக மட்டும் எழுதிக் கடந்துவிடுகிறார். மதுரையில் நீதியைக் கண்ட கண்கள் இங்கே அந்தப் பெண்களின் நடையைப் பார்க்கவில்லை. பெரிய மனிதர்களும் தம் காலத்தின் சுவருக்குள்தான் வாழ்ந்தார்கள் என்பதையும் பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டும்.

பெயரில்லாதவர்கள்

ஊர் திரும்பியதும் சுல்தானின் விருப்பப்படி தன் பயணங்களைச் சொல்லச் சொல்ல, அறிஞர் இப்னு ஜுஸய் அதை நூலாக்கினார். 1355 டிசம்பரில் சொல்லி முடித்தார். ரிஹ்லா என்று உலகம் அறியும் நூல் அது. பிறகு மொரோக்கோவிலேயே ஓர் ஊரின் காழியாக வாழ்ந்து, 1368 அல்லது 69-ல் மறைந்தார். பல நூற்றாண்டுகள் கழித்து, 1853 முதல் 1858 வரை பாரிஸில் அந்த நூல் நான்கு பாகங்களாக அச்சேறியபோதுதான் ஐரோப்பா அவரை முழுமையாக அறிந்தது.

நூலில் நூற்றுக்கணக்கான அரசர்கள், காழிகள், ஷைகுமார்களின் பெயர்கள் இருக்கின்றன. ஒற்றைக்கண் வழிகாட்டியின் பெயர் இல்லை. தனியாகப் பாலையைக் கடந்த தக்ஷீஃபின் பெயரும், முதலைக்குக் குறுக்கே நின்றவரின் பெயரும், கப்பல் தட்டிய இரவுக்குப் பின் படகோடு வந்த நம் கரைக்காரர்களின் பெயர்களும் இல்லை. அவர்களில் ஒருவர் தவறியிருந்தாலும் அந்த நூல் நம் கைக்கு வந்திருக்காது.

இன்று உம்ராவுக்கும் ஸியாரத்துக்கும் போகும் குடும்பங்கள் பெருகியிருக்கின்றன. நம்மை அழைத்துப் போகும் வழிகாட்டியிடமும், வண்டி ஓட்டுபவரிடமும், பெட்டி தூக்குபவரிடமும் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வோம். பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுப்போம். துஆ கேட்கும் இடங்களில் அவர்களையும் பெயர் சொல்லி நினைப்போம். ஊரில் காத்திருக்கும் தாய்க்கும் அன்றே ஒரு போன் செய்துவிடுவோம். அல்லாஹ் நம் பயணங்களை எளிதாக்கி, நல்ல வழித்துணையைத் தருவானாக. ஆமீன்.